கதைசொல்லிகளின் குலமும் கேட்பவர்களின் உரிமையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் அண்மையில் நிறைவுற்ற தொடர்கதையை முதல் அத்தியாயத்திலிருந்தே படித்துவந்த வாசகர் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். பேரழிவு நிகழ்ந்து பல தலைமுறைகள் கழிந்த பின், கதை சொல்வதையே சமயமாகவும் சட்டமாகவும் ஆட்சியாகவும் கொண்டு வாழும் ஒரு குலத்தை அத்தொடர் கற்பனை செய்திருந்தது. நம் மொழியில் அரிதாகவே முயலப்படும் வகை என்பதால் அதைப் பாராட்டிப் பலர் எழுதிவிட்டார்கள். அந்தப் பாராட்டுகளோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் அந்தக் குலத்தின் அமைப்பில் பெரியதோர் ஓட்டை இருக்கிறது. இத்தகைய குலங்களைக் கற்பனை செய்யும் எழுத்தாளர்கள் பலரும் அதே இடத்தில்தான் இடறுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

தொடரைப் படிக்காதவர்களுக்காக அந்தக் குலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உச்சியில் இருப்பவர் 'முதல்வாய்'. குலம் தோன்றிய கதையையும் பழைய உலகம் அழிந்த கதையையும் முழுமையாகச் சொல்லும் உரிமை அவர் ஒருவருக்கே உண்டு. அவருக்குக் கீழே, நூறு கதைகளுக்கு மேல் மனத்தில் வைத்திருக்கும் 'நிறைவாயர்'; அவர்களுக்குக் கீழே, இன்னும் பாடம் கேட்டுக்கொண்டிருக்கும் 'இளவாயர்'; எல்லாருக்கும் அடியில், உழுதும் வேட்டையாடியும் விறகு சுமந்தும் மற்றவர்களுக்குச் சோறு போடும் 'செவியர்'. செவியர் கதை சொல்லக் கூடாது. மாலையில் நெருப்பைச் சுற்றி அமர்ந்து கேட்பது மட்டுமே அவர்கள் கடமை. பழைய உலகத்தார் தங்கள் கதைகளையெல்லாம் ஒளிரும் பலகைகளிடம் ஒப்படைத்துவிட்டு வாயை வெறுமையாக்கிக்கொண்டதால்தான் அழிந்தார்கள் என்று குலத்தார் நம்புகிறார்கள். ஆகவே எழுதுவது, கீறுவது, கயிற்றில் முடிச்சிட்டு நினைவு வைப்பது எல்லாமே விலக்கப்பட்டவை. இறந்தவர் தம் கதை சொல்லப்படும் வரைதான் குலத்தோடு இருக்கிறார். ஓராண்டு முழுதும் சொல்லப்படாதவர் மூடுபனியாகிவிடுகிறார். குழந்தை தனக்கென ஒரு கதையைப் பெறும் வரை அதற்குப் பெயர் கிடையாது. திருமணத்தில் பெண்வீட்டார் பொருள் தருவதில்லை, கதை தருகிறார்கள். தந்த பிறகு அதைச் சொல்லும் உரிமையைத் தாங்கள் இழந்துவிடுகிறார்கள். புதுக்கதை கட்டுவது கொலைக்கு நிகரான குற்றம்.

இவற்றுள் திருமண வழக்கத்தைத்தான் நான் மிகவும் ரசித்தேன். அது முற்றிலும் கற்பனையும் அன்று. கனடாவின் பசிபிக் கரையில் வாழும் குவாக்குவக்கவாக்கு மக்களிடையே பெயர்கள், நடனங்கள், குலச் சின்னங்கள், குடும்பம் தோன்றிய கதைகள் ஆகிய அனைத்தும் சொத்துகளே. மணமகளின் தந்தை அவற்றுள் சிலவற்றை மருமகன் வீட்டுக்கு மாற்றிக்கொடுப்பதுண்டு. ஆனால் அந்த மாற்றம் எப்படிச் செல்லுபடியாகிறது என்பதைத் தொடராசிரியர் கவனித்திருந்தால் அவருடைய குலம் வேறு வடிவம் பெற்றிருக்கும். பாட்லாட்ச் எனப்படும் பெருவிருந்தில், உரிமை கொண்டாடுபவர் தம் கதையையும் பெயரையும் அனைவரும் அறியக் காட்டுகிறார். வந்திருக்கும் விருந்தினருக்குப் பரிசுகள் வழங்குகிறார். பரிசை ஏற்றுக்கொண்டவர் அந்த உரிமைக்குச் சாட்சியாகிவிடுகிறார், பின்னாளில் தகராறு எழுந்தால் தாம் கேட்டதை நினைவுகூரக் கடமைப்பட்டவராகிறார். கனடா அரசு 1885 முதல் 1951 வரை இந்த விருந்தைச் சட்டத்தால் தடை செய்திருந்தது. தடையால் அம்மக்கள் இழந்தது ஒரு கொண்டாட்டத்தை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. யாருக்கு எது உரியது என்பதை உறுதிசெய்யும் வழியே அப்போது அடைபட்டது.

கேட்பவருக்கு அங்கே கூலி உண்டு என்பதுதான் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் செய்தி. எழுத்தில்லாத ஒரு குலத்தில் கதைக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது? "அப்படியில்லை, சென்ற முறை நீங்கள் வேறுவிதமாகச் சொன்னீர்கள்" என்று எழுந்து சொல்லத் தகுதியும் துணிவும் உள்ள ஒருவர் கூட்டத்தில் இருக்கிறார் என்ற உறுதியிலிருந்துதான். அந்த ஒருவர் இல்லாத கூட்டத்தில் முதல்வாய் எதைச் சொன்னாலும் அதுவே கதை. எதைச் சொன்னாலும் கதை என்றால், கதையைக் காப்பதற்காக ஏற்பட்ட பதவிக்குப் பொருளே இல்லாமல் போய்விடுகிறது. தொடரின் செவியருக்குக் கூலியும் இல்லை, குரலும் இல்லை, சாட்சி சொல்லும் கடமையும் இல்லை. அவர்களை இப்படி ஊமையாக்கிவிட்டு, இருநூறு ஆண்டுகளாக ஒரு சொல்லும் பிசகாமல் கதை வந்துசேர்ந்தது என்று நம்பச் சொல்வது எனக்கு ஒப்புதல் இல்லை.

ஆஸ்திரேலியப் பழங்குடிகளை எடுத்துக்கொள்வோம். அக்கண்டத்தின் கரையோரத்தில் இருபத்தொரு இடங்களில், முன்பு நிலமாக இருந்த பகுதியைக் கடல் விழுங்கிய கதைகள் வழங்கிவருவதைப் பாட்ரிக் நன், நிக்கலஸ் ரீட் ஆகிய ஆய்வாளர்கள் தொகுத்துக் காட்டியிருக்கிறார்கள். பனியூழியின் இறுதியில் கடல்மட்டம் உயர்ந்து நின்றது 7,000 ஆண்டுகளுக்கு முன் என்பதால், அக்கதைகள் அதைவிடப் பழையவை என்று அவர்கள் வாதிடுகிறார்கள். இவ்வளவு நீண்ட காலம் ஒரு கதை எப்படித் தாக்குப்பிடிக்க முடியும் என்ற கேள்விக்கு அவர்கள் தரும் விடையில் பெரிய பீடங்களில் அமர்ந்த கதைசொல்லிகள் எவரும் இல்லை, உறவுமுறை இருக்கிறது. தந்தை தம் நிலத்தின் கதைகளை மகனுக்குக் கற்பிக்கிறார். மகன் சரியாகக் கற்றானா, சரியாகச் சொல்கிறானா என்று கண்காணிக்கும் பொறுப்பு வேறு சில உறவினருக்கு என்று முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கிறது. சொல்பவர் ஒரு கிளை, சரிபார்ப்பவர் இன்னொரு கிளை. அதிகாரத்தைப் பிரித்து வைக்கும் இந்த ஏற்பாட்டை அரசியல் சட்டம் எழுதிய எந்த நாடும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

ஐஸ்லாந்தின் வரலாறும் இதையே காட்டுகிறது. கி.பி. 930 அளவில் அங்கே கூடிய பொதுமன்றத்துக்கு அரசனும் இல்லை, தொடக்கத்தில் எழுதப்பட்ட சட்டமும் இல்லை. சட்டம் சொல்பவர் என்றொரு பதவி மட்டும் இருந்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், ஆண்டுக்கு மூன்றிலொரு பங்காக, தம் பதவிக்காலத்துக்குள் சட்டம் முழுவதையும் பாறை மேல் நின்று எல்லாரும் கேட்கச் சொல்ல வேண்டும். ஏதேனும் ஒரு பகுதியில் அவருக்கு ஐயம் இருந்தால், சட்டம் அறிந்தவர் ஐவரையேனும் முன்கூட்டியே கலந்துகொள்ள வேண்டும் என்பதும் விதி. தொடரின் முதல்வாய்க்கு மிக அருகில் வரக்கூடிய வரலாற்றுப் பதவி இதுதான். ஆனால் வேறுபாடுகளைப் பாருங்கள்: அவருக்குக் காலவரையறை உண்டு, சொல்லும் பகுதிக்கு அட்டவணை உண்டு, கலந்துகொள்ள ஐவர் உண்டு, கேட்க நாடே உண்டு. 1117ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அந்தச் சட்டத்தை எழுதிவைக்கத் தொடங்கும் வரை இந்த ஏற்பாடே போதுமானதாக இருந்தது.

கதைகளின் எண்ணிக்கையால் தரம் பிரிப்பதைச் சில வாசகர்கள் நம்பத்தகாதது என்று எழுதியிருந்தார்கள். அதில் தொடராசிரியர் பக்கமே நான் நிற்கிறேன். பழைய அயர்லாந்தின் புலவர் மரபில் ஏழு படிகள் இருந்தன. கடைசிப் படியில் நிற்பவர் 30 கதைகளையும், ஒல்லவ் எனப்பட்ட தலைமைப் புலவர் 350 கதைகளையும் அறிந்திருக்க வேண்டும் என்று அந்நாட்டு ஏடுகள் கணக்குக் கூறுகின்றன. அவருடைய மானத்துக்கு நேர்ந்த இழுக்குக்கு அரசனுக்கு ஈடான தண்டம் செலுத்த வேண்டியிருந்தது. இதுவரை எல்லாம் தொடரில் உள்ளபடியே. ஆனால் அதே நாட்டின் பழைய சட்டம், பதவியிலிருந்து இறக்கப்படத் தக்கவர் நால்வர் என்று ஒரு வரிசை தருகிறது: பொய்த் தீர்ப்பு வழங்கும் அரசன், தடுமாறும் கிறித்தவ ஆயர், ஏமாற்றும் புலவர், தகுதியற்ற தலைவர். ஏமாற்றும் புலவர் அந்த வரிசையில் இடம்பெற்றிருப்பது தற்செயல் இல்லை. கதையால் உயர்ந்தவர் கதையால் விழவும் முடிய வேண்டும். விழ முடியாத முதல்வாயைப் படைத்தபோது தொடராசிரியர் கதைசொல்லியைக் கைவிட்டுவிட்டு வழக்கமான கொடுங்கோலனுக்குக் கதைசொல்லியின் ஆடையை உடுத்திவிட்டார்.

மேலும், கதை சொல்பவர்கள் உச்சியில் இருந்தார்கள் என்பதே வரலாற்றில் அபூர்வம். மேற்கு ஆப்பிரிக்காவின் மாண்டே மக்களிடையே ஜெலி எனப்படும் கதைப் பாடகர்கள் பிறப்பால் வருபவர்கள். அரச வம்சங்களின் கொடிவழி அவர்கள் நாவில் இருந்தது. கங்காபா என்னும் இடத்துப் புனித வீட்டின் கூரையை ஏழாண்டுக்கு ஒருமுறை மாற்றி வேயும்போது குலத்தின் தொன்மக் கதையைச் சொல்பவர்கள் அவர்களே. எல்லாரும் அவர்கள் நாவுக்கு அஞ்சினார்கள். பரிசு கொடுக்கத் தயங்கியவன் பெயர் என்னவாகும் என்று பிரபுக்களுக்குத் தெரியும். ஆயினும் அவர்கள் பிரபுக்களுக்குக் கீழே தனியொரு பிரிவாகவே வைக்கப்பட்டார்கள், பிரபுக்களோடு மணவுறவு கொள்ளவில்லை. செனகலின் சில சமூகங்களில் அவர்களுடைய உடலை மற்றவர்களோடு மண்ணில் புதைக்காமல், பெருக்க மரத்தின் பொந்தில் வைத்தார்கள். ஒருவரைப் போற்றவும் அஞ்சவும் ஒதுக்கவும் ஒரே சமூகத்தால் ஒரே நேரத்தில் முடியும் என்ற இந்தச் சிக்கலைத் தொடர் தொட்டிருந்தால் எவ்வளவோ ஆழம் பெற்றிருக்கும். முதல்வாய் எதையும் விளைவிப்பதில்லை; அவர் உண்ணும் உணவைச் செவியர்தாம் கொண்டுவருகிறார்கள். அவர் சொல்லும் கதை அவர்களுக்குப் பிடிக்காமல் போன மாலையில் என்ன நடக்கும் என்று எழுபதுக்கும் மேற்பட்ட பாத்திரங்களில் ஒருவர்கூட யோசிக்கவில்லை.

சிறு குழுக்களில் நல்ல கதைசொல்லிக்கு மதிப்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. பிலிப்பீன்ஸின் அக்டா வேட்டைக்குடிகளிடையே நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வொன்றில், யாரோடு ஒரே முகாமில் வாழ விரும்புகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, கதை சொல்வதில் வல்லவர்களை மக்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய இருமடங்கு தேர்ந்தெடுத்தார்கள். நல்ல கதைசொல்லிகள் மிகுந்த முகாம்களில் பகிர்ந்துகொள்ளும் பண்பும் மிகுந்திருந்தது. அவர்கள் விரும்பியது அண்டை வீட்டுக்காரராக, தலைவராக அன்று. ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலைவனத்து ஜுஹோவான்சி மக்களிடம் பகற்பேச்சில் கதைக்கு நூற்றுக்கு 6 பங்கும் இரவு நெருப்பருகே நடக்கும் பேச்சில் 81 பங்கும் இடமிருந்ததை மானிடவியலாளர் பாலி வீஸ்னர் 2014இல் எடுத்துக்காட்டினார். பகலில் முறையீடும் பிழைப்புப் பேச்சும், இரவில் கதையும் என்ற இந்தப் பிரிவினையைத் தொடராசிரியர் மிக நன்றாகப் பிடித்திருக்கிறார். நெருப்பருகே நடக்கும் அத்தியாயங்கள் மற்றவற்றைவிடச் சிறந்து நிற்பதற்கு அதுவே காரணம்.

இனி, தொடரின் உச்சக் கட்டத்துக்கு வருகிறேன். முதல்வாய் தம் மகனுக்குப் பதவி வரவேண்டும் என்பதற்காக அழிவுக் கதையில் ஒரே ஒரு வரியை மாற்றிச் சொல்கிறார், கூட்டத்தில் ஓர் இளவாயன் மட்டும் அதைக் கண்டுபிடிக்கிறான், அவன் வெளியேற்றப்படுகிறான். இங்கே எனக்கு இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது, அதே கதையை ஆண்டுதோறும் கேட்டு வளர்ந்த நூற்றுக்கணக்கான செவியருள் ஒருவர்கூடத் திடுக்கிடவில்லை என்பது. உறங்கப்போகும் குழந்தைக்குத் தெரிந்த கதையில் ஒரு நிகழ்ச்சியை விட்டுவிட்டுச் சொல்லிப்பாருங்கள். கண் சொருகும் நிலையிலும் அது எழுந்து உட்கார்ந்து திருத்தும். வாய் திறக்க அனுமதியில்லாவிட்டாலும் கூட்டம் உடலால் பேசும், மூச்சால் பேசும், மறுநாள் காலை விறகு கொண்டுவராமல் இருந்து பேசும்.

இரண்டாவது தடை இதற்கு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. மாற்றப்பட்டது நிகழ்ச்சியாக இல்லாமல் வெறும் சொற்கள் என்றால், அந்த இளவாயனாலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. 1930களில் யூகோஸ்லாவியாவில் மில்மன் பாரியும் அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்டும் எழுத்தறியாப் பாடகர்களின் நெடும்பாடல்களைப் பதிவு செய்தார்கள். அவ்தோ மெஜெதோவிச் என்ற பாடகர் 1935இல் சொல்லிய ஒரே பாடல் 12,000 வரிகளைத் தாண்டியது. கேட்ட பாடலைச் சொல்லுக்குச் சொல் அப்படியே பாடுவோம் என்று அந்தப் பாடகர்கள் உறுதியாகச் சொன்னார்கள்; பதிவுகளை ஒப்பிட்டால் வரிகள் மாறியிருந்தன. அவர்கள் பொய் சொல்லவில்லை. கதை அதுவே, மனிதர்கள் அவர்களே, முடிவு அதுவே என்றால், பாடலும் அதுவேதான் அவர்களுக்கு. சொல்லும் எழுத்தும் மாறாமல் காக்க வேண்டுமென்றால் அதற்கு வேறொரு பயிற்சி வேண்டும். வேதம் ஓதுவோர் கனம் என்ற முறையில், முதற்சொல் இரண்டாம் சொல், பின் இரண்டாம் சொல் முதற்சொல், பின் மூன்றும் நேராக, மூன்றும் தலைகீழாக, மீண்டும் நேராக என்று முன்னும் பின்னும் பின்னிப் பின்னி ஓதுவது, ஒரு சொல் பிசகினாலும் உடனே பிடிபட வேண்டும் என்பதற்காகவே. அதில் ஒருவர் ஓதும்போது பொருளை ரசிக்கவோ நெருப்பருகே சுவைபடக் கதை சொல்லவோ இடமில்லை. தொடரின் குலம் இரண்டையும் ஒருசேரக் கேட்கிறது: கூட்டத்தை மயக்கும் நடிப்பும் வேண்டும், ஒரு சொல்லும் மாறக் கூடாது. ஏதேனும் ஒன்றைத் தொடராசிரியர் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். என்னைக் கேட்டால், புதுக்கதை கட்டுவது கொலைக்குற்றம் என்ற விதியைத்தான் கைவிடச் சொல்வேன். நல்ல கதைசொல்லி ஒவ்வொரு மாலையும் தன்னையறியாமல் அந்தக் குற்றத்தைச் செய்துகொண்டுதான் இருப்பார்.

யாரும் பொய் சொல்லாமலே கதை எப்படி மாறும் என்பதற்கு வட கானாவின் கோஞ்சா மக்களைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய அதிகாரிகள் பதிவு செய்தபோது, நாட்டை நிறுவிய ஜாக்பாவுக்கு ஏழு மகன்கள் என்றும், நாட்டின் ஏழு பிரிவுகளை அவர்கள் ஆளுக்கொன்றாகப் பெற்றார்கள் என்றும் கதை இருந்தது. இடைக்காலத்தில் இரண்டு பிரிவுகள் மறைந்துபோயின. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்துக் கதையை மீண்டும் பதிவு செய்தபோது ஜாக்பாவுக்கு ஐந்து மகன்களே இருந்தார்கள். எவரும் சதி செய்யவில்லை. நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: அந்த இரு பிரிவினரும் தனிக் கிளையாகக் கூட்டத்தில் அமர்ந்திருந்தவரை, தங்கள் மூதாதையின் பெயர் விடுபட்டால் கேட்க அவர்களுக்குக் காரணம் இருந்தது, அவர்கள் அமர்ந்திருந்த இடம் காலியானதும் அந்த இரு மகன்களுக்காகப் பரிந்துபேச ஆளில்லாமல் போயிற்று. தொடரில் பெருநோய்க்குப் பிறகு மூன்று குடும்பங்கள் அடியோடு அழிகின்றன. அந்தக் குடும்பங்களின் கதைகள் அதற்குப் பின் வந்த அத்தியாயங்களிலும் அப்படியே சொல்லப்படுகின்றன; யார் கேட்டதால், யாருக்காக என்ற கேள்வி எழவே இல்லை. மூடுபனியாகும் இறந்தவர்கள் என்ற அழகிய நம்பிக்கைக்கு உண்மையான துயரம் சேர்ந்திருக்க வேண்டிய இடம் அதுதான்.

அழிவுக் கதையின் உள்ளடக்கம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஓர் அத்தியாயம் முழுவதும் முதல்வாய் அதைச் சொல்கிறார். மொழி கம்பீரமாக இருக்கிறது. ஆனால் கேட்டவர் மறுமுறை அழிவு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அதில் ஒரு சொல் இல்லை. உயிர்தப்பியவர்களின் கதை அப்படி இருக்காது. சுமத்ராவின் மேற்கே உள்ள சிமுலுவே தீவில் 1907இல் ஆழிப்பேரலை பலரைக் கொண்டுபோனது. தப்பியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தது மிகச் சிறிய கதை: நிலம் பலமாக அதிர்ந்து, பின் கடல் உள்வாங்கினால், அது ஸ்மோங் (ஆழிப்பேரலைக்கு அத்தீவின் சொல்), உடனே மலைக்கு ஓடு. தாலாட்டிலும் பாட்டியின் பேச்சிலுமாக அது 97 ஆண்டுகள் வாழ்ந்தது. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த அத்தீவின் ஏறத்தாழ 78,000 மக்களில் இறந்தவர்கள் ஏழு பேர். அத்தீவு அடங்கிய அச்சே மாநிலம் முழுவதிலும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தக் கதையைக் காக்கத் தனிப் பதவியும் இல்லை, தடையும் இல்லை. எவரும் எவருக்கும் சொல்லலாம். ஒவ்வொரு சிறு அதிர்வின்போதும் ஓடிப்பார்த்து, அலை வராமல் திரும்பி வந்தும்கூட, மக்கள் அதைச் சொல்வதை நிறுத்தவில்லை. தொடரின் குலத்தில் அத்தகைய சிறு கதைகள் முதல்வாயிடம் இருக்க வாய்ப்பில்லை. செவியர் வீடுகளில், கதை என்றே கணக்கில் சேராத பேச்சுகளில்தான் இருக்கும். பெரிய கதையைத் தடை செய்யலாம், தாலாட்டை யார் தடை செய்வது?

முதல் தலைமுறை எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தது என்று தொடர் சொல்வதும் பொருந்தவில்லை. வடமேற்குக் கிரீன்லாந்தின் துருவ இனுயிட் மக்களை 1820களில் ஒரு கொள்ளைநோய் தாக்கியபோது, அறிந்த மூத்தவர்கள் பலர் இறந்ததால், தோல்படகு, வில்லம்பு, மீன் ஈட்டி ஆகியவற்றைச் செய்யும் திறமையே அவர்களிடம் அற்றுப்போனது; 1860களில் பாஃபின் தீவிலிருந்து வந்த வேறு இனுயிட்டுகளிடம்தான் அதை மீண்டும் கற்றார்கள். படகைப் பற்றிய பேச்சு எஞ்சியிருந்தாலும் படகு கட்டும் கை எஞ்சாது. கதைசொல்லிகள் ஆளும் குலத்தில் கொல்லரும் மருத்துவச்சியும் இறந்தால் குலம் எதை இழக்கும் என்பது முதல்வாயின் மரணத்தைவிட எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது.

இவையெல்லாம் வெறும் கற்பனை நாவலாசிரியர்களின் கவலை என்று எண்ண வேண்டாம். அணுக்கழிவைப் புதைத்த இடத்தைப் பத்தாயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருபவர்களுக்கு எப்படி எச்சரிப்பது என்று ஆராய அமெரிக்காவில் 1981இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. குறியியல் அறிஞர் தாமஸ் செபியோக் அதற்காக 1984இல் அளித்த அறிக்கையில், அணுப் பூசாரிகள் என்று சொல்லத்தக்க ஒரு குழுவை முன்மொழிந்தார்: உண்மைக் காரணம் குழுவுக்குள் மட்டும் தெரிந்திருக்கும், வெளியே உள்ளவர்களை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் சடங்கும் கதையும் அந்த இடத்திலிருந்து விலக்கிவைக்கும். அதே ஆண்டு பிரான்சுவாஸ் பஸ்தீத், பாவ்லோ ஃபாப்ரி என்ற இருவர், கதிர்வீச்சு பட்டால் நிறம் மாறும் பூனைகளை உருவாக்கி, பூனை நிறம் மாறினால் ஓடு என்று பாட்டும் கதையும் பரப்பலாம் என்றார்கள். பூனை யோசனையைப் பலர் சிரித்து ஒதுக்கினார்கள். எனக்கோ இரண்டில் பூனையே மேலானது. பூனையை எவரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பூசாரியைச் சரிபார்க்க யாருக்கும் வழியில்லை. சில நூறு ஆண்டுகளில் அந்தப் பூசாரிகளுக்கே காரணம் மறந்துபோய், புதைகுழியின் மேல் கோயில் எழுப்பிக் காணிக்கை வாங்கத் தொடங்கினால் அவர்களைத் திருத்துவது யார்? சாபக் கதைகள் எகிப்தின் கல்லறைகளைக் கொள்ளையரிடமிருந்து காத்ததும் இல்லை. தொடரின் குலம் ஏறக்குறைய செபியோக்கின் திட்டப்படியே கட்டப்பட்டது. குறையும் அதே இடத்தில் இருக்கிறது.

தொடருக்கு இரண்டாம் பாகம் எழுதப்படும் என்று தங்கள் அறிவிப்பில் கண்டேன். வெளியேற்றப்பட்ட இளவாயன் தனியாக அலைந்து, கிழிந்த புத்தகம் ஒன்றைக் கண்டெடுத்து, எழுத்தின் துணையால் முதல்வாயை வீழ்த்துவான் என்றுதான் பெரும்பாலான வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள். அந்த வழி வேண்டாம் என்று தொடராசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்தைக் கொண்டுவந்தால் இந்தக் குலத்துக்கே உரிய சிக்கல் தீர்க்கப்படாமல் தாண்டப்பட்டுவிடும். அதற்குப் பதிலாக அவன் இன்னொரு குலத்தைச் சந்திக்கட்டும். திருமணத்தில் கொடுத்துவிட்டதால் இவன் குலத்தில் எவரும் சொல்லாமல் போன ஒரு கதை அங்கே உயிரோடு இருக்கட்டும். அதில் அழிவுக் கதையின் மாற்றப்பட்ட வரி பழையபடியே இருக்கட்டும். அதைச் சாட்சியாகக் கொண்டு அவன் திரும்பி வரும்போது, முதல்வாயின் சொல்லையும் அந்நியரின் சொல்லையும் எடைபோட வேண்டியவர்கள் செவியராக இருக்கட்டும். அந்தப் பொறுப்பைச் சுமக்க அவர்கள் தயாராக இருக்கிறார்களா, தயாராக இல்லையென்றால் யார் அவர்களை அப்படி ஆக்கினார்கள் என்பதை எழுத இந்த ஆசிரியருக்குத் திறமை நிறையவே உண்டு.

இக்கடிதம் நீண்டுவிட்டது. இடம் கருதிச் சுருக்க நேர்ந்தால், பாராட்டுப் பகுதிகளைக் குறைத்துக்கொண்டு தடைகளை மட்டுமாவது வெளியிடவும், முழுக் கடிதத்தைத் தொடராசிரியரின் பார்வைக்கு அனுப்பிவைக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்